வெளிச்சுவர் கிளாடிங்: ஏ.சி.பி., கல், எச்.பி.எல்., ஃபைபர் சிமென்ட் போர்டு – எதை எங்கே போடலாம்?

ஷோரூமில் கிளாடிங் (வெளிச்சுவரின் மேல் போர்த்தும் உறை) பொருளை முன்பக்கம் பார்த்து வாங்குகிறோம். சுவரில் ஏறிய பிறகு அது கெடுவது பெரும்பாலும் பின்பக்கத்திலிருந்துதான். நிறம், மினுமினுப்பு, மரக்கோடு எல்லாம் கேட்டலாகில் இருக்கும். உள்சட்டம் எந்த உலோகம், ஸ்க்ரூ எந்த ரகம், ஒட்டும் கலவை கல்லின் பின்புறத்தை எவ்வளவு பிடித்திருக்கிறது, உள்ளே புகுந்த மழைத்தண்ணீர் எந்த வழியாக வெளியேறும் என்ற விவரங்கள் அதில் இருக்காது. தமிழ்நாட்டில் வீடு, கடை, மருத்துவமனை முகப்புகளுக்கு இப்போது அதிகம் போடப்படும் பொருட்களை இந்தக் கணக்கில்தான் இங்கே மதிப்பிட்டிருக்கிறோம். விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் தொகை சொல்லவில்லை. தடிமனும் எடையும் அப்படி மாறுவதில்லை.

ஏ.சி.பி. ஷீட்

இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக்கையோ கனிமக் கலவையையோ வைத்து ஒட்டிய ஷீட் இது. 1969ல் ஆலுகோபாண்ட் என்ற பெயரில் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. இன்று சின்ன ஊர்க் கடைத்தெருவிலும் புதிதாகத் திறக்கும் ஜவுளிக்கடைக்கு முதலில் ஏறுவது இதுதான். எடை குறைவு, வேலை சீக்கிரம் முடியும், பழைய சுவரின் கோணல் வெளியே தெரியாது. இந்த மூன்றும் உண்மையான வசதிகள்.

ஏமாற்றம் தொடங்கும் இடம் தடிமன். '4 மி.மீ.' என்று விற்கும் இரண்டு ஷீட்டுகள் ஒரே பொருளாக இருக்க வேண்டியதில்லை. மேலும் கீழும் உள்ள அலுமினியத் தகடு ஒன்றில் 0.50 மி.மீ., இன்னொன்றில் 0.25 மி.மீ. இருக்கும், மிச்சத்தைப் பிளாஸ்டிக் நிரப்பும். ஓரத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கடினம், தராசில் வைத்தால் தெரிந்துவிடும். 8 அடிக்கு 4 அடி ஷீட், 4 மி.மீ., சாதாரண பாலிஎத்திலீன் நடுப்பகுதி என்றால், 0.50 தகடுள்ளது சுமார் 16 கிலோ வரும். 0.25 தகடுள்ளது 13½ கிலோ அளவில் நிற்கும். தீ தாங்கும் கனிம நடுப்பகுதி உள்ளது 22 கிலோவை ஒட்டி இருக்கும். லாரியிலிருந்து இறக்கும்போதே இரண்டு ஷீட்டை எடை போடுங்கள். நடுப்பகுதியில் சுண்ணாம்புத் தூள் கலந்து எடை கூட்டியிருந்தால் தராசும் ஏமாறும். அதனால் வெட்டு மிச்சத்தில் தகட்டை உரித்து மைக்ரோமீட்டரிலும் ஒருமுறை அளந்துவிடுவது நல்லது.

0.25 தகடு உட்புற வேலைக்கும் தற்காலிகப் பெயர்ப்பலகைக்கும் போதும். வெளிச்சுவரில் போட்டால் வெயிலில் அலை அலையாக நெளியும், ரிவெட் பிடித்த இடத்தில் காற்று இழுக்கும்போது கிழியும். இரண்டு மாடிக்கு மேல் போகும் முகப்புக்கு 0.50க்குக் கீழே ஒத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

அடுத்தது வண்ணப்பூச்சு. வெளிப்புறத்துக்கு வெயில் தாங்கும் ஃப்ளூரோபாலிமர் வகையான பி.வி.டி.எஃப். பூச்சு, அதிலும் 70 சதவீத ரெசின் கலவை. பாலியெஸ்டர் பூச்சு கடையில் இதே பளபளப்போடு இருக்கும், ஆனால் மேற்கு வெயிலில் சில வருடங்களில் வெளுத்து, தடவினால் கையில் பொடி ஒட்டும். பில்லில் 'பி.வி.டி.எஃப். 70' என்று எழுதி வாங்குங்கள், அந்த லாட்டுக்கான தயாரிப்பாளர் சான்றிதழையும் கேளுங்கள்.

ஃபிட்டிங்கில் இரண்டு முறைகள் நடக்கின்றன. அலுமினிய டியூப் மேல் டபுள் டேப்பையும் சிலிக்கானையும் வைத்து ஷீட்டைத் தட்டையாக ஒட்டுவது ஒன்று. நான்கு ஓரமும் 25 மி.மீ. பின்னால் மடித்துத் தட்டு போலாக்கி, எல்-கிளீட் (எல் வடிவ உலோகத் துண்டு) வைத்து ரிவெட் அல்லது ஸ்க்ரூ போடுவது இன்னொன்று. வெளிச்சுவருக்கு இரண்டாவதுதான் சரி. இதன் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள்: 1220க்கு 2440 மி.மீ. ஷீட்டை நான்கு பக்கமும் மடித்தால் முகமாகக் கிடைப்பது 1170க்கு 2390 மி.மீ. அதாவது 32 சதுர அடி ஷீட் 30 சதுர அடியைத்தான் மூடும். ஜன்னல் வெட்டு, மூலை மிச்சம் தனி. கொட்டேஷன் ஷீட் கணக்கா, முடிந்த முகப்புக் கணக்கா என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

மடிப்புக்கு பின்பக்கம் வி-வடிவக் காடி எடுப்பார்கள். முன்தகடும் அதன்மேல் சுமார் 0.3 மி.மீ. நடுப்பகுதியும் மீதி நிற்க வேண்டும். 0.50 தகடு என்றால் மொத்தம் 0.8 மி.மீ. மிச்சம். ஆழம் கட்டாத கை கட்டரில் அவசரமாக ஓட்டினால் முன்தகட்டிலேயே கீறல் விழும். அன்று கண்ணுக்குத் தெரியாது. முதல் கோடையில் அந்த விளிம்பு தலைமுடி அளவுக்கு வெடிக்கும், அடுத்த மழையில் அதன் வழியாகத் தண்ணீர் இறங்கும். ஒருமுறை மடித்த விளிம்பை நிமிர்த்தி மறுபடி மடித்தாலும் இதே கதிதான். அப்படிப்பட்ட ஷீட்டை ஒதுக்கிவிட வேண்டும்.

அலுமினியம் ஒரு மீட்டருக்கு 50 டிகிரி வித்தியாசத்தில் 1.2 மி.மீ. நீளும். அடர்நிற ஷீட் மேற்குச் சுவரில் மதியம் 70 டிகிரியைத் தாண்டக்கூடியது, விடியற்காலையில் 25க்கு இறங்கும். 8 அடி ஷீட் கிட்டத்தட்ட 3 மி.மீ. போய் வருகிறது. ஆகவே ஷீட்டுக்கு ஷீட் 10 முதல் 12 மி.மீ. இடைவெளி. உள்ளே பேக்கர் ராடு (இடைவெளியில் திணிக்கும் நுரைக் கயிறு), மேலே நியூட்ரல் க்யூர் (அமிலம் விடாத) வெதர் சிலிக்கான். 12 மி.மீ. இடைவெளிக்கு ராடு 15 மி.மீ., சிலிக்கானின் ஆழம் 6 மி.மீ. இந்தக் கணக்கில் 300 மில்லி ட்யூப் 4 மீட்டருக்குத்தான் வரும். ஒரு ட்யூபில் 8 மீட்டர் இழுத்திருந்தால் பாதி இடத்தில் வெறும் தோல்தான் இருக்கிறது. வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் அமிலத்தை விடும், உலோகத்தைத் தின்னும். அது கண்ணாடித் தொட்டி வேலைக்கானது.

ஷீட்டின் பின்புறமோ ஃபிலிமிலோ அம்புக்குறி அச்சாகியிருக்கும். எல்லா ஷீட்டும் ஒரே திசையில் ஏற வேண்டும். மெட்டாலிக் நிறத்தில் ஒன்று திரும்பிவிட்டாலும் சாய்ந்த வெயிலில் அது மட்டும் வேறு நிறமாகத் தெரியும். மேல் ஃபிலிமை வேலை முடிந்த கையோடு உரித்துவிடுங்கள். இரண்டு மூன்று மாதம் வெயிலில் விட்டால் பசை ஷீட்டோடு ஒட்டி, சுரண்டினால் பூச்சும் சேர்ந்து வரும்.

காற்றும் துருவும்

கட்டடங்களின் காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின்படி சென்னைக்கான அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். மதுரை, கோவைக்கு 39. காற்றழுத்தம் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். 50 மீட்டரில் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ, 39ல் 93 கிலோ. ஒரு முழு ஷீட் கிட்டத்தட்ட 3 சதுர மீட்டர். ஆக, சென்னையில் புயல் காற்று ஒரு ஷீட்டை 450 கிலோ அளவில் இழுக்கலாம் என்று எடுத்துக்கொண்டுதான் பிடிமானம் போட வேண்டும். கட்டடத்தின் மூலைகளிலும் கைப்பிடிச் சுவரின் ஓரத்திலும் உறிஞ்சும் விசை இன்னும் அதிகம். நடுச்சுவரில் 600 மி.மீ.க்கு ஒரு டியூப் என்றால் மூலையில் அந்த இடைவெளியைக் குறைக்க வேண்டும். மதுரையில் நின்ற வேலை முறை கடலூரிலும் நிற்கும் என்று நம்பி அதே சட்டத்தைக் கொண்டுவரும் ஒப்பந்தக்காரர்களை இங்கேதான் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும்.

கடலோரத்தில் இரும்புச் சட்டத்தின் மேல் அலுமினியத்தை நேரடியாக வைத்தால் உப்புக்காற்றில் இரண்டும் உரசும் இடத்தில் அரிப்பு தொடங்கும். அலுமினியச் சட்டமே நல்லது. இரும்புதான் என்றால் ஹாட் டிப் கால்வனைஸ் செய்தது, நடுவில் நைலான் அல்லது ரப்பர் வாஷர். ஸ்க்ரூ, ஆங்கர் எல்லாம் கடற்கரை ஊர்களில் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 316, உள்நாட்டில் எஸ்.எஸ். 304. மொத்தச் செலவில் ஸ்க்ரூவின் பங்கு மிகச் சிறியது. அதில் சிக்கனம் பார்ப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

தீ

2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தின் வெளிச்சுவரில் இருந்தது பாலிஎத்திலீன் நடுப்பகுதி கொண்ட இதே வகைப் பேனல். ஒரு சமையலறையில் பிடித்த தீ வெளிச்சுவருக்குத் தாவி, மாடி மாடியாக ஏறியது. அடுத்த ஆண்டின் இறுதியில் இங்கிலாந்து 18 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருட்களைத் தடை செய்தது. 2014ல் மெல்போர்னின் லாக்ரோஸ் கட்டடத்திலும் தீ பரவியது வெளிச்சுவர் பேனல் வழியாகத்தான்.

நம் ஊரில் கடை முகப்பு முழுவதையும் ஏ.சி.பி.யால் மூடி, இருந்த ஜன்னல்களையும் அடைத்துவிடும் பழக்கம் பரவியிருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உள்ளே தீப்பிடித்தால் புகை வெளியேற வழியில்லை, தீயணைப்பு வீரர்கள் ஏணி வைத்து உள்ளே நுழையவும் வழியில்லை. மருத்துவமனை, விடுதி, பள்ளி, திருமண மண்டபம் என்றால் உயரம் எவ்வளவாக இருந்தாலும் தீ தாங்கும் ரகம், ஏ2 தரம் (கிட்டத்தட்ட எரியாதது) கிடைத்தால் அதுவே. 15 மீட்டரைத் தொட்டாலே தேசியக் கட்டட விதிகள் 2016 அதை உயர்கட்டடமாகக் கணக்கில் கொள்கின்றன. ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள வெற்றிடம் தீயை மேலே இழுக்கும் புகைபோக்கியாக வேலை செய்யும். ஒவ்வொரு மாடித் தளத்தின் மட்டத்திலும் ராக்வூலை (எரியாத கல் பஞ்சு) இறுக்கி அடைத்து, இரும்புத் தகட்டால் தாங்க வேண்டும். கொட்டேஷனில் இந்த வரியே இல்லாவிட்டால் அந்த வேலை நடக்கப்போவதில்லை என்று பொருள்.

வாங்குமுன் ஒரு சோதனை: திறந்தவெளியில், நீண்ட இடுக்கியால் ஒரு விரல் அகலத் துண்டைப் பிடித்து ஓரத்தில் நெருப்பைக் காட்டுங்கள். பாலிஎத்திலீன் உருகி எரிந்து சொட்டும். கனிம நடுப்பகுதி கருகும், எரிந்து சொட்டாது. பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். இது சான்றிதழுக்கு மாற்றாகாது. ஆனால் 'எஃப்.ஆர்.' (தீ தாங்கும்) என்று ஸ்டிக்கர் மட்டும் ஒட்டி வந்த சரக்கை இது காட்டிக்கொடுத்துவிடும்.

கல்

அழகிலும் ஆயுளிலும் நல்ல கல்லை மிஞ்சும் பொருள் இந்தப் பட்டியலில் இல்லை. எடைதான் அதன் பிரச்சினை. 20 மி.மீ. தடிமன் என்றால் சதுர மீட்டருக்கு 52 கிலோவுக்கு மேல், சதுர அடிக்கு ஏறத்தாழ 5 கிலோ. பத்துக்குப் பத்து சுவரில் அரை டன் தொங்குகிறது.

ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு குணம். ஜெய்சல்மேர் மஞ்சள், கோட்டா, கருப்புக் கடப்பா எல்லாம் சுண்ணாம்புக்கல் இனம். வேலை முடிந்ததும் சிமென்ட் கறையைப் போக்க ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கம் இவற்றை நாசம் செய்துவிடும்: நுரைத்து, பாலிஷ் போய், திட்டுத் திட்டாக வெளுக்கும். கருப்புக் கடப்பா ஆசிட் படாமலே வெயிலில் சாம்பல் நிறத்துக்குப் போகும். கருப்புதான் வேண்டும் என்றால் கருப்பு கிரானைட் போடுங்கள். மணற்கல் தண்ணீரைக் குடிக்கும், இரும்புச் சத்து உள்ளதில் துருக்கறை வழியும். ஸ்லேட் மலிவு, பார்வைக்கு முரட்டு அழகு, ஆனால் மட்டமான ரகம் ஏடு ஏடாக உரியும். ஓரத்தை நகத்தால் நெம்பிப் பாருங்கள். கேரளத்திலிருந்து 20 மி.மீ. தடிமனில் அறுத்து வரும் செம்புரைக்கல் கன்னியாகுமரி, கோவைப் பக்கம் நன்றாகப் பொருந்துகிறது. அதில் துளைகள் அதிகம், சீலர் இல்லாவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் பாசி பிடிக்கும்.

கல் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. முதலாவது, பழைய பெயின்ட் அல்லது புட்டி மேலேயே ஒட்டுவது. கலவை பெயின்டைத்தான் பிடித்திருக்கும், பெயின்ட் சுவரை விட்டதும் எல்லாம் சேர்ந்து இறங்கும். பூச்சு வரை முழுக்கச் சுரண்டி, கொத்திவிட வேண்டும். புதுச் சுவர் என்றால் 1:4 பூச்சு, 7 நாள் கியூரிங், பிறகு மூன்று வாரமாவது காயவிட்டு அதற்கப்புறம் கல்.

இரண்டாவது, கலவையை ஐந்து உருண்டையாக வைத்து அமுக்குவது. நடுவிலும் நான்கு மூலையிலும் மட்டும் பிடிப்பு, மற்ற இடமெல்லாம் பொள்ளல். அந்தப் பொள்ளலில் தண்ணீர் நிற்கும், கல் வழியாக உப்பு பூக்கும், வெளிர்நிறக் கல்லில் ஐந்து ஈர வட்டங்கள் அப்படியே தெரியும். பல் கரண்டியால் சுவரில் ஒரே திசையில் கோடு இழுத்து, கல்லின் முதுகிலும் மெல்லியதாகத் தடவி, அழுத்தி ஆட்டி ஒட்ட வேண்டும். ஒட்டிய கொஞ்ச நேரத்தில் ஒரு கல்லைப் பெயர்த்துப் பாருங்கள். முதுகில் 95 சதவீதமாவது கலவை பிடித்திருக்க வேண்டும். முதல் நாளே இதை மேஸ்திரி முன்னால் செய்துவிட்டால் அடுத்த நாள் வேலை தானாகத் திருந்தும்.

கலவை என்றால் டைல் அடிசிவ்தான், சிமென்ட் பால் போதாது. பையில் ஐ.எஸ். 15477 எண்ணும் டைப்பும் அச்சிட்டிருக்கும். வெளிச்சுவர்க் கல்லுக்கு டைப் 3 அல்லது டைப் 4. வெளிர்நிறக் கல்லுக்கு வெள்ளை அடிசிவ். 20 கிலோ பை 3 மி.மீ. தடிப்பில் 45 முதல் 55 சதுர அடி வரும், முரட்டுக் கல்லுக்குத் தடிப்பு கூடும்போது பாதியாகக் குறையும். நம் வெயிலிலும் காற்றிலும் சுவரில் இழுத்த கலவை சீக்கிரமே ஏடு கட்டிவிடும். விரலால் தொட்டால் ஒட்டாவிட்டால் சுரண்டி எறிய வேண்டும். மேலே தண்ணீர் தெளித்துத் தொடரக் கூடாது. மேற்குச் சுவரைக் காலையிலும் கிழக்குச் சுவரை மதியத்துக்கு மேலும் செய்தால் இந்தத் தொல்லை பாதி தீரும். பின்னால் நெட் ஒட்டி வரும் மார்பிளுக்கு சிமென்ட் அடிசிவ் பிடிக்காது. நெட்டை உரிக்க வேண்டும், அல்லது எபாக்சிக்குப் போக வேண்டும்.

தரையிலிருந்து 10 அடிக்கு மேல் 20 மி.மீ. கல்லை வெறும் அடிசிவ் நம்பி ஏற்றுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். எஸ்.எஸ். கிளாம்ப், பின் வைத்த உலர்முறையே பாதுகாப்பு. அதற்கு 25 முதல் 30 மி.மீ. கல் வேண்டும், கிளாம்பை கான்கிரீட்டிலோ திடமான செங்கல்லிலோ பூட்ட வேண்டும். ஹாலோ பிளாக், ஏ.ஏ.சி. (நுரைத்த லேசான கான்கிரீட்) பிளாக் சுவர் சாதாரண ஆங்கரைத் தாங்காது.

எலிவேஷன் டைல்

வெளிப்புற டைல் என்று விற்பதில் பாதி செராமிக் சுவர் டைல். அது தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சும். விட்ரிஃபைட் அரை சதவீதத்தோடு நிற்கும். பெட்டியில் உறிஞ்சும் அளவு இருக்கும், பார்த்து வாங்குங்கள். இடைவெளி இல்லாமல் ஒட்டிய டைல் வெயிலில் ஒன்றையொன்று தள்ளிக் கூடாரம் போல் எழும். டைலுக்கு டைல் 3 மி.மீ., ஒவ்வொரு மாடி பீம் மட்டத்திலும் சிலிக்கான் நிரப்பிய விரிவு இடைவெளி ஒன்று.

எச்.பி.எல்.

ரெசினில் ஊறிய காகித அடுக்குகளை அழுத்திச் செய்யும் போர்டு இது. மரத்தோற்றம் வேண்டுவோருக்கு நல்ல பொருள் இதுதான். ஃபண்டர்மேக்ஸ், ட்ரெஸ்பா, கிரீன்லாம் எல்லாம் வெளிப்புற ரகம் தருகிறார்கள். 6 அல்லது 8 மி.மீ., வெளிப்புறத் தரத்துக்கான இ.என். 438-6 குறிப்புள்ளது மட்டும். உட்புற லேமினேட்டை வெளியே போட்டால் ஒரு வருடம்கூடத் தாங்காமல் வெளுக்கும், வளையும்.

இது ஈரத்திலும் வறட்சியிலும் நகரும். மீட்டருக்கு 2.5 மி.மீ. இடம் விட வேண்டும், 3 மீட்டர் போர்டுக்கு 8 மி.மீ. இடைவெளி. ஒரு போர்டில் ஒரே ஒரு ரிவெட்தான், நடுவில் இருப்பது, இறுக்கமான துளையில் உட்காரும். மற்ற எல்லாத் துளைகளும் ரிவெட் தண்டைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், அகலத் தலை ரிவெட் அதை மூடும். எல்லாத் துளையையும் ஒரே பிட்டில் போட்டு முறுக்கிவிட்டால் மூலை வெடிக்கும். இந்த ஒரு தவறுதான் எச்.பி.எல்.லுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறது. பின்னால் 20 மி.மீ. காற்றிடம், அடியிலும் மேலேயும் திறப்பு அவசியம்; அடியில் பூச்சி வலை.

ஃபைபர் சிமென்ட் போர்டு

குறைந்த செலவில் எரியாத பொருள் வேண்டுமென்றால் இதுவே. ராம்கோ ஹைசெம், எவரெஸ்ட், ஷீரா என்று எளிதில் கிடைக்கிறது, தரம் ஐ.எஸ். 14862. வெளிச்சுவருக்கு 8 அல்லது 10 மி.மீ., சட்டம் 600 மி.மீ.க்கு ஒன்று. துளை போட்டுத்தான் ஸ்க்ரூ, ஓரத்திலிருந்து 12 மி.மீ.யாவது, மூலையிலிருந்து 50 மி.மீ.யாவது தள்ளி. வெட்டிய ஓரங்களுக்குப் போர்டு ஏறுமுன்பே சீலர் அடிக்க வேண்டும்; ஏறிய பிறகு கீழ் ஓரம் கைக்கு எட்டாது, ஓதம் அங்கிருந்துதான் ஏறும். வெட்டும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுப்பது. தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்கள், வேலையாட்களுக்கு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

பி.வி.சி., டபிள்யூ.பி.சி. (மரத்தூள் கலந்த பிளாஸ்டிக்) லூவர் பட்டைகள் போர்டிகோ கூரையடியில் சரி. பி.வி.சி. அலுமினியத்தைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் நீளும். நேர்வெயில் சுவரில் நெளிவது அதனால்தான். ஏ.சி. அவுட்டோர் யூனிட்டை மறைக்க எந்தப் பொருள் போட்டாலும் பட்டைகளுக்கு நடுவே தாராளமாக இடைவெளி விடுங்கள். சூடான காற்று திரும்பச் சுற்றினால் கம்ப்ரசர் தவிக்கும்.

வேலை ஒப்படைக்குமுன்

எந்தப் பொருளானாலும் தண்ணீர் மேலிருந்துதான் நுழைகிறது. கைப்பிடிச் சுவரின் தலையில் உள்பக்கம் சாய்வான கோப்பிங், வெளியே 25 மி.மீ. நீட்டி அடியில் சொட்டுக்காடி. ஜன்னல் தலையில் தகட்டு மடிப்பு. கீழ் ஓரம் தரையிலிருந்து 150 மி.மீ. மேலே. சாரம் பிரிக்கும் முன்பே மேலிருந்து கால் மணி நேரம் ஹோஸ் பிடித்து, உள்சுவரில் ஓதம் வருகிறதா, அடி ஓரத்தில் தண்ணீர் வெளியே சொட்டுகிறதா என்று பாருங்கள். கல், டைல் சுவரைச் சாவிக்கொத்தால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் பொள்ளலாகக் கேட்கும் இடத்தில் சாக்பீஸ் குறி போட்டு, மாற்றிய பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். அதே லாட்டில் இரண்டு ஷீட் அல்லது ஒரு பெட்டி கல்லை எடுத்து வையுங்கள். ஐந்து வருடம் கழித்து ஒரு துண்டு மாற்ற வேண்டி வந்தால் அந்த நிறம் கடையில் கிடைக்காது.